மச்சான் பிரித்த ஓட்டு

எங்களை விடுவிக்காமல் திரும்புவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு இரண்டு பேர் மோத்துலோவாத் தீவில் வந்து இறங்கிய அதே நேரத்தில், என் தங்கை லெபேகாவின் ரத்த அழுத்தம் நூற்று ஐம்பது.

அவர்களை இறக்கிய படகிலேயே அவளை ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிவிடலாம் என்று நர்ஸ் மெலேகா அவளைக் கரைக்கே அழைத்து வந்திருந்தாள். ஏழரை மாதம். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. சமோவாவின் ஆப்பியா ஆஸ்பத்திரிக்கு முப்பது மணி நேரக் கடல் பயணம். எங்கள் தீவில் விமானம் இறங்க இடம் கிடையாது. இந்தப் பக்கக் கடலில் கால் நனைத்தவன் ஈரம் காய்வதற்குள் அந்தப் பக்கக் கடலுக்கு நடந்துவிடலாம். பதினைந்து நாளைக்கு ஒரு கப்பல். அதுவும் தள்ளித்தான் நிற்கும். பவளப் பாறையில் இருக்கும் ஒற்றை வாய்க்கால் வழியாக, ஓதம் ஏறித் தண்ணீர் உயரும்போது மட்டும் படகு போய்வரும்.

லெபேகாவின் புருஷன் தினியேலு ஒரு தோளில் பாயும் மறு தோளில் பையுமாக முழங்கால் தண்ணீரில் நின்றான். வந்தவர்களில் பெண்மணி கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்கள். யாரும் ஏறக் கூடாது."

அவர் மிஸ் ஹால்வர்சன், நிலை நிர்ணயப் பேரவையின் செயலாளர். பக்கத்தில் வெள்ளைத் தொப்பியுடன் நின்றவர் அதன் தலைவர் டாக்டர் மொன்டால்பான். உலகத்தில் இன்னும் பிறரால் ஆளப்படும் இடங்களுக்கு இந்தப் பேரவை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் அதில் எழுபதுக்கு மேல் பெயர்கள். பெரிய ஊர்கள் எல்லாம் யாரையும் கேட்காமல் தாமாகவே விடுதலை வாங்கிக்கொண்டு போய்விட்டன. மிச்சம் எங்களைப் போன்ற பொடிசுகள்தான். பட்டியல் சுருங்கச் சுருங்கத் தங்கள் கட்டடம் வளர்ந்து இப்போது பதினோரு மாடி ஆகிவிட்டது என்று தலைவரே பெருமையோடு சொன்னார்.

அவர் சொன்னதை ஊருக்குச் சொன்னவன் நான். பெயர் கலோலோ, தீவின் ரேடியோவைக் கவனிப்பவன். அவர்கள் பாஷை தெரியும் என்பதால் பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் அவர்கள் பேசியது எல்லாம் என் வாய் வழியாகத்தான் வெளியே வந்தது. இன்னும் வாய் கசக்கிறது.

"வாக்காளர் பட்டியலில் இருநூற்று எழுபத்தொரு பேர்" என்றார் செயலாளர். "இவர் நூற்றுப் பன்னிரண்டாம் எண். விதி பதினான்கின்படி, நிர்ணயம் முடியும்வரை பட்டியலில் உள்ள யாரும் தீவைவிட்டுப் போகக் கூடாது. விடுதலைக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இப்போது அது நூற்று எண்பத்தொன்று. இவர் போய்விட்டால் நூற்று எண்பது. உலகத்துக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?"

தினியேலு அதிகம் பேசாதவன். தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், இவ செத்துப்போனா எவ்வளவுன்னு கேளு."

கேட்டேன். அம்மையார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "மரணம் பட்டியலைப் பாதிக்காது. வாக்கெடுப்பு முடியும்வரை இறந்தவர்கள் பட்டியலில் தொடரலாம்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அவருக்குக் கெட்ட மனசு என்று சொல்ல மாட்டேன். மனசு இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான்.

விலக்கு வேண்டுமானால் ஒரு படிவம் உண்டு என்றார். லெபேகாவைத் தென்னை நிழலில் உட்காரவைத்துத் தானும் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். அப்படி இருபத்திரண்டு பெட்டிகள் கொண்டுவந்திருந்தார்கள். கேள்விகளைப் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் மட்டுமே கேட்கலாமாம். முதல் கேள்வியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. 'கரு உருவான தேதி, இடம், அந்த இடத்தின் அரசியல் நிலை.'

எங்கள் ஊரில் அண்ணன் தங்கை வயதுக்கு வந்த பிறகு ஒருவர் முன்னால் மற்றவர் இந்தப் பேச்சை எடுப்பதில்லை. வேறு யாராவது எடுத்தாலும் அண்ணன்காரன் எழுந்து போய்விட வேண்டும். லெபேகா தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து நடந்துவிட்டேன். 

"வேணாம்ணே, நீ போயிரு" என்று அவள் என் முதுகுக்குப் பின்னால் சொன்னது கேட்டது. "மெலேகா அக்கா கேக்கட்டும்."

மெலேகா பிரமாணம் எடுத்தவள் இல்லை. 'மொழிபெயர்ப்பாளர் ஒத்துழைக்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று அம்மையார் எழுதினார். பிறகு வேறொரு தாளை எடுத்தார். அது எங்கள் பண்பாட்டு அடையாளத்துக்கு மதிப்பெண் போடும் தாள். 'சகோதர விலக்கு வழக்கம் உயிரோடு உள்ளது' என்று எழுதி, நான் எழுந்துபோன அதே செயலுக்கு அரை மார்க் கொடுத்தார்.

நான் ஓடியது ரேடியோ அறைக்கு. எங்களை ஆளும் நாட்டின் அலுவலகத்தில் ஓர் அதிகாரி கிடைத்தார். நல்ல மனிதர். நான் பேசுவது கேட்டு இரண்டு முறை 'அடடா' என்றார்.

"ஒரு ஹெலிகாப்டர், இல்லாட்டி கப்பலுக்கு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா நடக்கும் சார்" என்றேன்.

"அதுதான் சிக்கல், கலோலோ. நான் சொன்னால் நடக்கும். நான் சொல்லி உங்கள் தீவில் ஒன்று நடந்தால் அதற்குப் பெயர் ஆதிக்கம். அதுவும் வாக்கெடுப்பு வாரத்தில்! உங்கள் தங்கையின் உயிரைவிட அவருடைய சுயமரியாதை எனக்குப் பெரிது. அவரிடம் சொல்லுங்கள், நாங்கள் தலையிடவே மாட்டோம்."

நூறு வருஷமாகத் தலையிட்டவர்கள் தலையிடாமல் இருக்கத் தேர்ந்தெடுத்த நாள் அது. ரேடியோவை அணைக்காமல் அடுத்துக் கப்பலைக் கூப்பிட்டேன்.

கப்பலின் கேப்டன் சியோலோ எங்களைப் போன்ற ஆள்தான், சமோவாக்காரர். ஆனால் கப்பலைப் பேரவை வாடகைக்கு எடுத்திருந்தது. "தலைவர் வாய் தொறந்து 'முடிஞ்சுது'ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும் தம்பி. அடுத்த நிமிஷம் நங்கூரத்தத் தூக்கிடறேன். அவரு சொல்லாம நான் எடுத்தா என் லைசென்ஸ் போயிரும்" என்றார்.

ஆக, நிர்ணயம் சீக்கிரம் முடிய வேண்டும். ஊர் முழுக்க அந்த ஒரே கவலைதான். விடுதலை வேண்டுமா, இப்படியே இருக்கலாமா என்று அதுவரை கொஞ்சம் சண்டை இருந்தது. அன்று சாயங்காலமே எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். வந்தவர்கள் எதைக் கேட்டாலும் உடனே செய்துவிடுவது என்று மூப்பர் சபை முடிவெடுத்தது.

செவ்வாய்க்கிழமை அடையாளத் தேர்வு. தனிப் பண்பாடு இருந்தால்தான் ஒரு மக்கள்கூட்டம் தன் நிலையை நிர்ணயிக்கலாமாம். கூட்ட மண்டபத்தில் ஆட்டம் நடந்தது. பெட்டி மேளத்தைத் தட்டுவதற்கு ஊரில் சிறந்த கை தினியேலுவுடையது. பெண்டாட்டி மெலேகாவின் மருந்தகக் கட்டிலில் கிடக்க, அவன் தட்டினான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையில் மெலேகா வாசலுக்கு வந்து விரல்களால் காட்டிவிட்டுப் போனாள். நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று அறுபத்திரண்டு. மேளத்தின் வேகம் தானாக ஏறியது. ஆடியவர்களுக்கு மூச்சு வாங்கியது. 

"அபாரம். என்ன ஒரு துடிப்பு!" என்றார் தலைவர்.

செயலாளருக்குத் திருப்தி இல்லை. ஆடியவர்களில் நான்கு பேர் கால்பந்துச் சட்டை போட்டிருந்தார்கள். விருந்தில் மீனும் ஈரப்பலாவும் வைத்த இலையில் டப்பா மாட்டிறைச்சியும் இருந்தது. அதற்கெல்லாம் மார்க் கழித்துவிட்டு, "ஆறரை. இன்னும் அரை மார்க் வேண்டும். நீங்கள் நீங்கள்தான் என்று காட்ட வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

மூப்பர் லுஹியானோவுக்கு எழுபத்தெட்டு வயது. குரலை உயர்த்தாத மனிதர். "அம்மா கேக்கறாங்க, கொடுத்துருவோம்" என்றார் எங்களிடம். "ஆனா ஒண்ணு கேளு கலோலோ. அவங்க அவங்கதான்னு அவங்களுக்கு எத்தன மார்க் போட்டாங்க? யாரு போட்டா?"

நான் இதை மொழிபெயர்க்கவில்லை. 'மூப்பர் உங்கள் நலனை விசாரிக்கிறார்' என்று சொன்னேன். மரியாதைக்கு ஒரு அரை மார்க் கிடைத்துத் தேறிவிட்டோம்.

அடுத்தது, ஓட்டு எண்ணும் அதிகாரி. ஊரே நம்பும் ஒருவர் வேண்டும் என்றார்கள். மூப்பர் சபைக்கு யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லோரும் தினியேலுவைத்தான் பார்த்தார்கள்.

எங்கள் தீவில் ஊராகச் சேர்ந்து பிடித்த மீன் யாருக்கும் சொந்தமில்லை. கரையில் கொட்டி, வீடுவீடாகக் குவியல் போட்டுப் பங்கு பிரிப்பார்கள். நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தலை எண்ணிப் பங்கு உண்டு. படுத்த படுக்கையாக இருக்கிறவருக்கும் உண்டு. பிரிக்கும் வேலை பத்தொன்பது வருஷமாகத் தினியேலுவுடையது. ஒரு குவியல் பெரிதாகத் தெரிந்தால் அதிலிருந்து எடுத்துச் சின்னதில் போடுவான். கடைசியில் மிஞ்சுவது அன்று ஊரில் இருக்கும் விருந்தாளிக்கு. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவன் பிரித்த பங்கைப் பற்றி ஒரு முணுமுணுப்பு வந்ததில்லை.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம் மச்சான்" என்றான் அவன். "நான் அவ பக்கத்துல இருக்கணும்."

"நீ எண்ணுனா சீக்கிரம் முடியும்டா. வேற யாரும்னா ரெண்டு தடவ எண்ணுவாங்க. நீன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றேன். நான்தான் சொன்னேன். அதற்காகப் பின்னால் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை வாக்கெடுப்பு. செயலாளர் மண்டபத்தைச் சுற்றி நடுநிலைப் பகுதி என்று நூறு அடிக்குக் கயிறு கட்டினார். அதற்குள் மாதா கோயில் மணி இருந்ததால் மணியைச் சாக்கால் மூடினார்கள். எட்டுப் பன்றிகள் இருந்தன. அவை யாருடைய பன்றிகள் என்று தெரிந்தால் அந்த வீட்டார் எந்தப் பக்கம் என்று வாக்காளர் ஊகிக்கக்கூடும் என்பதால் அவற்றையும் வெளியேற்றினார்கள். பன்றிகள் சுயநிர்ணயத்தை மதிக்காமல் திரும்பத் திரும்ப உள்ளே வந்தன. இந்தக் களேபரத்தில் காலையின் பாதி போய்விட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு ஓதம். அதை விட்டால் மறுநாள்தான்.

லெபேகாவிடம் பெட்டியைக் கொண்டுபோனார்கள். நான் வெளியே ஜன்னலுக்கு அடியில் நின்று மொழிபெயர்த்தேன். அவள் குரல் கரகரத்திருந்தது. தலை வலி மண்டையைப் பிளக்கிறதாம்.

"எதுல குத்துனா கப்பல் கிளம்பும்?"

"வாக்காளருக்கு ஆலோசனை சொல்வது குற்றம்" என்றார் செயலாளர்.

"அப்ப ரெண்டுலயும் குத்தட்டுமா?"

"செல்லாது."

அவள் எதில் குத்தினாளோ, எனக்குத் தெரியாது. பெட்டி மண்டபத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்று. நூற்று எழுபது என்று மெலேகா சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஊரே பாயில் உட்கார்ந்திருந்தது. தினியேலு பெட்டியைக் கவிழ்த்தான்.   பழகின கை. ஒவ்வொன்றாகப் பிரித்து, 'விடுதலை' ஒரு பக்கம், 'இப்படியே' ஒரு பக்கம் என்று போட்டான். நூற்று அறுபத்தைந்து. நூற்று ஆறு.

விடுதலைக்கு நூற்று எண்பத்தொன்று இல்லை. அப்படியே சொல்லியிருந்தால் தீர்மானம் தோற்றது, நிர்ணயம் முடிந்தது, கப்பல் கிளம்பியிருக்கும். அது எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. நான் ஜன்னல் வழியாக ஓதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினியேலு இரண்டு குவியலையும் பார்த்தான். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெரியதிலிருந்து முப்பது தாளை எண்ணி எடுத்தான். இருபத்தொன்பதைச் சின்னதின் மேல் வைத்துத் தட்டிச் சரிசெய்தான். மிஞ்சிய ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து, குனிந்து, விருந்தாளியான தலைவர் கையில் கொடுத்தான்.

"நூத்தி முப்பத்தஞ்சு, நூத்தி முப்பத்தஞ்சு" என்று அறிவித்தான். "மீதி ஒண்ணு ஐயாவுக்கு."

மண்டபத்தில் எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஏதாவது கோளாறு இருக்கிறது என்று எனக்குப் படவே இல்லை. ஒரு பக்கத்துக்காரர்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பாமல் காரியம் முடிந்தது. இதைவிட நல்ல முடிவு என்ன இருக்க முடியும்?

செயலாளர் முகத்தில் ரத்தம் இல்லை.

"இவர் என்ன செய்தார்?"

சொன்னேன்.

"அது வாக்கு! ஒருவருடைய விருப்பத்தை எடுத்து இன்னொரு பக்கத்தில் வைக்க இவர் யார்?"

தினியேலு மிரண்டுபோனான். "ஒரு வீட்டுக்கு அதிகம், ஒரு வீட்டுக்குக் கம்மின்னா அது பங்காம்மா? நூத்தி ஆறு பேரு என்ன பாவம் பண்ணாங்க?"

"சரி, பழையபடி கலைச்சு வச்சிரலாம். எந்தத் தாளுல என்ன குத்தியிருக்குன்னு தெரியும்ல" என்றார் மூப்பர் லுஹியானோ. "ரெண்டு நிமிஷ வேல."

செய்ய முடியாதாம். விதி இருபத்திரண்டின்படி எண்ணும் அதிகாரி வாயால் அறிவித்தது இறுதியானது. சமம் என்று அறிவித்தாகிவிட்டது, எனவே சமம். சமமானால் மூன்றில் இரண்டு பங்குக் கணக்குப் பொருந்தாதாம், தலைவர் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன அந்தக் கணமே நிர்ணயம் முடிந்துவிடும்.

எனக்கு உயிர் வந்தது. ஒரே ஒரு சொல். மணி இரண்டு அடித்துப் பத்து நிமிஷம்.

"ஐயா, எதையாவது சொல்லிருங்க" என்று தினியேலு அவர் காலடியில் உட்கார்ந்தான். "உங்களுக்கு எது புடிக்குதோ அது. விடுதலையா, சரி. இப்படியேவா, அதுவும் சரி. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

டாக்டர் மொன்டால்பான் கையிலிருந்த ஒற்றைத் தாளைத் தேள் போலப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

"நானா?" என்றார். "இருபத்தாறு வருஷமாக இந்தப் பதவியில் இருக்கிறேன். ஒரு முறைகூட எதையும் முடிவு செய்ததில்லை. என்னைத் தலைவர் ஆக்கியதே அதனால்தான். 'விடுதலை' என்று சொன்னால் பட்டியலில் ஒரு பெயர் குறையும். எங்கள் கட்டடத்தில் உங்கள் பெயருக்கு மட்டும் ஒன்றரை மாடி இருக்கிறது. அங்கே நாற்பது குடும்பங்கள் பிழைக்கின்றன. 'இப்படியே' என்று சொன்னால் ஆதிக்கவாதி என்று பத்திரிகைகள் எழுதும். இரண்டுமே என் மக்களுக்கு நல்லதல்ல."

"எந்த மக்களுக்கு?" என்று கேட்டேன். இது என் சொந்தக் கேள்வி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"தலைமையகத்துக்கு எழுதிக் கேட்கிறேன். மூன்று வாரத்தில் பதில் வந்துவிடும்" என்றார். "அதற்குள் இந்த வரலாற்றுத் தருணத்தில் உங்களிடம் சில வார்த்தைகள்..."

தினியேலு என்னிடம் திரும்பினான். அவன் கண் நிறைந்திருந்தது. "நான் என்ன தப்பு பண்ணேன் மச்சான்? எப்பவும் பண்றதத்தான பண்ணேன்? என் கையாலயே அவள..."  அவன் தோளைப் பிடித்தேன். 

தலைவர் எழுந்து நின்றார். உணர்ச்சிவசப்பட்டுப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். மூடிக்கொண்டார். செயலாளர் தலையைக் குனிந்து குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

"தன் விதியைத் தானே எழுதும் உரிமை மனிதனுக்கு மூச்சைப் போன்றது" என்றார் தலைவர்.

வாசலில் மெலேகா வந்து நின்றாள். ஓடி வந்ததில் அவளுக்குப் பேச்சு திணறியது. "நூத்தி எழுவத்தஞ்சு. கண்ணு மங்குதுங்கறா. இனிமே வலிப்பு வரும். வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

 மூப்பர் லுஹியானோ மெதுவாகக் கையை ஊன்றி எழுந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். வாய்க்காலின் மேல் தண்ணீர் ஏறியிருந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "ஓதம் ஏறிடுச்சு" என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

அடுத்த பாய் எழுந்தது. அதற்கடுத்தது. வெறுங்கால்களுக்குச் சத்தம் கிடையாது. தினியேலு முதலில் புரியாமல் விழித்தான். பிறகு பாய்ந்து ஓடினான். நானும் ஒரு அடி எடுத்து வைத்தேன். மூப்பரின் மகன் என் மார்பில் கை வைத்து நிறுத்தி, தலைவரைக் கண்ணால் காட்டினான்.

விளங்கிவிட்டது. அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், நான் சொல்வேன், பிறகு அடுத்த வாக்கியம். என் குரல் நின்றால் கண்ணைத் திறப்பார். திறந்தால் வாசலுக்கு வருவார். கேப்டன் சியோலோவுக்குத் தெரிய 'வேண்டாம்' என்று கையை ஆட்டினால் போதும்.

என் தங்கையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் காலிப் பாய்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன்.

"எந்த வல்லரசும் ஒரு சிறு தீவின் குரலை அடக்க முடியாது" என்றார் அவர்.

"பாத்துத் தூக்குங்கடா, அவ தலைய ஆட்டாதீங்க" என்றேன் நான் எங்கள் பாஷையில், மேடைக் குரலில்.

"நாங்கள் வழிகாட்டுவதில்லை. நாங்கள் காத்திருக்கிறோம்."

"நீ நாசமாப் போக. இன்னும் பேசு. நிறுத்தாத."

"உங்கள் மௌனத்தைக்கூட நாங்கள் கேட்கிறோம்."

"மாதாவே, அந்த எஞ்சின் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகணும். லெபேகா, கண்ண மூடாத. அண்ணன் இங்கதான் இருக்கேன்."

  என் குரல் உடைந்ததைச் செயலாளர் கவனித்தார். தலை நிமிராமல், 'மொழிபெயர்ப்பாளர் நெகிழ்ந்தார்' என்று எழுதிக்கொண்டார். இரண்டு முறை இழுத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. மூன்றாவது இழுப்பில் உறுமியது. நான் என் குரலை இன்னும் உயர்த்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கிறிஸ்தவன் சொல்லக்கூடாத சொற்கள் சில இருந்தன.

பேச்சு இருபத்தெட்டு நிமிஷம். முடித்துவிட்டு அவர் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். அது வராததால் கண்ணைத் திறந்தார். எதிரே இரண்டு தாள் குவியல்களும் ஒரு பன்றியும் இருந்தன.

மூவரும் வெளியே வந்தோம். படகு வாய்க்காலைத் தாண்டிக் கப்பலை ஒட்டிவிட்டது. ஊரே மார்பளவு தண்ணீரில் நின்றது. கிழவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்திருந்த பெண்கள், பள்ளிக்கூடம் முழுக்க. ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து கயிற்றுத் தூளி இறங்கியது. ஏறியது. நங்கூரச் சங்கிலியின் சத்தம் கரைவரை கேட்டது. "ஊரே தண்ணியில நின்னு ஒரு பொம்பளையக் காட்டுது. அதுக்கு மேல எனக்கு எதுக்குத் தலைவரோட வார்த்த?" என்று கேப்டன் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கப்பல் திரும்பியது. பேரவையின் இருபத்திரண்டு பெட்டிகளில் கரைக்கு இறக்காதவை எல்லாம் அதில் போயின.

"என் கப்பல்!" என்றார் தலைவர். "இதை யார் முடிவு செய்தது?"

"நாங்கதான்" என்றேன்.

"வாக்கெடுப்பு இல்லாமலா?" என்றார் செயலாளர். "மூன்றில் இரண்டு பங்கு இருந்ததா?"

"நீங்களே எண்ணிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு நானும் தண்ணீரில் இறங்கினேன். அங்கே நின்றுதான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை பகல் ஆப்பியாவிலிருந்து ரேடியோவில் தினியேலுவின் குரல் வந்தது. இரைச்சலில் பாதி விழுங்கிப்போனாலும் வேண்டியது கேட்டது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம். பெண் பிள்ளை, இரண்டு கிலோகூட இல்லை. தாயும் மகளும் உயிரோடு இருக்கிறார்கள். கப்பல் ஆறு மணி நேரம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். மூடியிருந்த சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு மணியை அடித்தோம்.

பேரவைக்காரர்கள் கப்பல் திரும்பி வரும்வரை பதினோரு நாள் எங்களோடு இருந்தார்கள். மீன் பிரித்தபோது அவர்களுக்கும் தலைக்கு ஒரு பங்கு கொடுத்தோம். தவழும் குழந்தைக்குக் கொடுத்த அதே அளவு பங்கா தனக்கு என்று தலைவர் ஒருமுறை வருத்தப்பட்டதாகக் கேள்வி.

நான்கு மாதம் கழித்து, நல்ல தாளில் அச்சடித்த அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு லெபேகா வீட்டுக்குப் போனேன். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. மெலிந்திருந்தாள், ஆனால் பழைய வாய் திரும்பிவிட்டது.

"என்னண்ணே, விடுதலையா இல்லியா? படி கேப்போம்."

இருநூறு பக்கம். கடைசிப் பக்கத்தில் முடிவுரை இருந்தது. மொழிபெயர்த்தேன்: "தம் பொதுக் காரியங்களில் எதையும் தாமாக முடிவு செய்யும் பக்குவத்தை மோத்துலோவா மக்கள் இன்னும் அடையவில்லை என்பதைப் பேரவை ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறது. அங்கே தங்கியிருந்த நாட்கள் முழுவதிலும் அப்படி ஒரு நிகழ்வையேனும் நாங்கள் காணவில்லை."

லெபேகா பிள்ளையின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

"இவங்க எந்தத் தீவுக்குப் போயிட்டு வந்தாங்கண்ணே?" என்று கேட்டாள்.